13 வயதில் கையில் விசில்... அமெரிக்க சிறுவர் கால்பந்தில் எந்த மேட்ச்சுக்கு யார் ரெஃப்ரி? முடிவு செய்வது யார்? முழு விளக்கம்

சனிக்கிழமை காலை 8 மணி. நியூஜெர்சியிலோ டெக்சாஸிலோ ஏதோ ஒரு பூங்கா. மடக்கு நாற்காலி, காபி ஃபிளாஸ்க், ஷின் கார்டு பையோடு பெற்றோர்கள் வந்து இறங்குகிறார்கள். மைதானத்துக்கு நடுவில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் விசிலோடு நிற்கிறார். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், அவருக்கு இன்னும் மீசையே முளைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன்!

"இவ்ளோ சின்னப் பையனையா ரெஃப்ரியா போட்டிருக்காங்க? யாருங்க இதையெல்லாம் முடிவு பண்றது?"

அமெரிக்காவில் பிள்ளைகளை கால்பந்து கிளப்பில் சேர்த்திருக்கும் நம்ம ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். சில வீடுகளில் கேள்வி வேறு மாதிரி இருக்கும். "என் பொண்ணு ரெஃப்ரி ஆகணும்னு சொல்றா, அனுப்பலாமா?" என்று கேட்பார்கள்.

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நடுவர்களை உருவாக்குவது யார், மேட்ச்சைப் பிரித்துக் கொடுப்பது யார், காசு எப்படி வருகிறது, வரும் சின்னப் பிள்ளைகளில் பலர் ஏன் சீக்கிரமே விட்டுவிட்டுப் போகிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யார் வேண்டுமானாலும் ரெஃப்ரி ஆகிவிட முடியுமா?

முடியாது. போட்டி அளவிலான சிறுவர் கால்பந்தில் விசில் ஊத உரிமம் வேண்டும். அதைத் தருவது அமெரிக்கக் கால்பந்து கூட்டமைப்பு, அதாவது 'யூ.எஸ். சாக்கர்'. 1913-ல் தொடங்கப்பட்ட அமைப்பு இது. அன்றாட வேலையை அதன் கீழுள்ள மாநில சங்கங்கள் பார்க்கின்றன. கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற பெரிய மாநிலங்களில் வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று என இரண்டு சங்கங்கள் உண்டு.

முதல் படி 'கிராஸ்ரூட்ஸ்' உரிமம். பொதுவாக 13 வயது நிரம்பியிருந்தால் போதும். ஆன்லைன் பாடங்கள், ஒரு தேர்வு, மைதானத்தில் நேரடிப் பயிற்சி ஆகியவை இதில் அடக்கம். பயிற்சி முடித்தால் அந்த ஆண்டு பொறிக்கப்பட்ட பேட்ஜ் கையில் வரும். அதைச் சட்டைப் பையின் மேல் குத்திக்கொண்டுதான் மைதானத்தில் இறங்க வேண்டும். இது ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும்.

18 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் இரண்டு கட்டாயங்கள் உண்டு. ஒன்று, குற்றப் பின்னணி சரிபார்ப்பு. இன்னொன்று, குழந்தைகளைத் துன்புறுத்தலிலிருந்து காப்பது பற்றிய 'சேஃப்ஸ்போர்ட்' பயிற்சி. சின்னப் பிள்ளைகளோடு பழகும் வேலை என்பதால் இதில் விலக்கு கிடையாது.

கிராஸ்ரூட்ஸுக்கு மேலே ரீஜனல், நேஷனல் என்று படிகள் இருக்கின்றன. அதற்கும் மேலே தொழில்முறை லீக்குகளும், ஃபிஃபா பேட்ஜும். ஆனால் வாரயிறுதியில் நாம் பார்க்கும் மேட்ச்களில் பெரும்பாலானவற்றை நடத்திக் கொடுப்பது கிராஸ்ரூட்ஸ் நடுவர்கள்தான்.

சின்னப் பிள்ளைங்க மேட்ச்தானே, இதுல என்ன பெரிய கஷ்டம்?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டிவியில் பார்க்கும் கால்பந்து விதிகள் வேறு, 10 வயதுப் பிள்ளைகளின் மேட்ச் விதிகள் வேறு. வயதுக்கு ஏற்ப எல்லாமே மாறும்.

- அண்டர்-9, அண்டர்-10: ஒரு அணிக்கு 7 பேர். பந்து 4-ம் அளவு. பாதிக்கு 25 நிமிடம்.
- அண்டர்-11, அண்டர்-12: ஒரு அணிக்கு 9 பேர். அதே 4-ம் அளவுப் பந்து. பாதிக்கு 30 நிமிடம்.
- அண்டர்-13 முதல்: முழு 11 பேர், 5-ம் அளவுப் பந்து. ஆட்ட நேரம் வயதோடு கூடிக்கொண்டே போய், மூத்த பிரிவில் பாதிக்கு 45 நிமிடத்தைத் தொடும்.

7 பேர் ஆடும் மேட்ச்சில் 'பில்ட்-அவுட் லைன்' என்று ஒரு கூடுதல் கோடு இருக்கும். கோல் கீப்பர் பந்தைக் கையில் எடுத்ததும் எதிரணி அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். பிள்ளைகள் பயமில்லாமல் பந்தைப் பாஸ் செய்து ஆடப் பழக வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. ஆஃப்சைடையும் பாதிக் கோட்டிலிருந்து பார்க்க மாட்டார்கள். இந்தக் கோட்டிலிருந்துதான் கணக்கு. கீப்பர் பந்தைக் கையிலிருந்து விட்டு ஓங்கி உதைத்தால் அதுவும் தப்பு.

அடுத்தது தலையால் முட்டும் 'ஹெடர்'. மூளை அதிர்ச்சி தொடர்பான வழக்கு ஒன்றில் ஏற்பட்ட சமரசத்தைத் தொடர்ந்து, 2015 நவம்பரில் யூ.எஸ். சாக்கர் புதிய விதிகளை அறிவித்தது. 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் ஆடக் கூடாது. வேண்டுமென்றே முட்டினால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். கோல் விழுந்த சந்தோஷத்தில் குதிக்கும் பெற்றோருக்கு, "அது செல்லாது" என்று சொல்ல வேண்டியவர் அந்த 14 வயது ரெஃப்ரிதான்!

தலையில் அடிபட்டு ஒரு பிள்ளை தடுமாறினால் மேட்ச்சை நிறுத்தி, அந்தப் பிள்ளையை வெளியே அனுப்ப வேண்டும். இடி இடித்தால் எல்லோரையும் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவிட்டு, கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். விசில் ஊதுவது வேலையில் ஒரு பகுதிதான். பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்புவதற்கும் நடுவர் பொறுப்பு.

சரி, யாருக்கு எந்த மேட்ச்னு யார் முடிவு பண்றாங்க?

இந்த வேலைக்கென்றே ஒருவர் இருக்கிறார். பெயர் 'அசைனர்'. மைதானத்தில் இவரை யாரும் பார்க்க முடியாது. ஆனால் இவர் இல்லாமல் ஒரு மேட்ச்கூட நடக்காது.

அசைனருக்கும் யூ.எஸ். சாக்கரின் தனிப் பயிற்சியும் உரிமமும் உண்டு. பல ஆண்டுகள் விசில் ஊதிய பழைய ரெஃப்ரிகளே பெரும்பாலும் இந்த வேலைக்கு வருகிறார்கள். லீக்கோ, கிளப்போ, போட்டி அமைப்பாளரோ இவரை அமர்த்திக்கொள்வார்கள். பெரும்பாலும் ஒரு மேட்ச்சுக்கு இவ்வளவு என்று கட்டணம்.

வேலை நடக்கும் விதம் இதுதான்:

முதலில் லீக் தன் அட்டவணையை ஒரு மென்பொருளில் ஏற்றும். ஆர்பிட்டர், காட்ஸ்போர்ட், அசைனர் டாட் காம் வகையைச் சேர்ந்த தளங்கள் இதற்காகவே இருக்கின்றன. ஒவ்வொரு ரெஃப்ரியும் அதே தளத்தில் தனக்கு எந்த நாள், எந்த நேரம் முடியும், எத்தனை மைல் வரை வர முடியும், எந்த கிளப்போடு தனக்குத் தொடர்பு இருக்கிறது என்று குறித்து வைப்பார்.

பிறகு அசைனர் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ஆளைப் பொருத்துவார். ரெஃப்ரியின் போனுக்குத் தகவல் போகும். 'ஏற்கிறேன்' அல்லது 'முடியாது' என்று அவர் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டால் அந்த மேட்ச் அவர் பொறுப்பு. முடிந்த பிறகு ஸ்கோர், காட்டிய அட்டைகள், காயங்கள் ஆகியவற்றை அதே தளத்தில் அறிக்கையாகப் பதிவு செய்வார். பணமும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வரும். முன்பெல்லாம் மேட்ச் தொடங்கும் முன் இரண்டு கோச்களும் கவரில் பணத்தைக் கையில் கொடுப்பார்கள். இன்றும் சில இடங்களில் அந்தப் பழக்கம் இருக்கிறது.

அசைனர் எதையெல்லாம் பார்ப்பார்?

வெளியிலிருந்து பார்த்தால் 'ஃப்ரீயா இருக்கிற ஆளைப் போட்டுட்டாங்க' என்றுதான் தோன்றும். உண்மையில் ஒரு நல்ல அசைனர் மனதில் ஓடும் கணக்கு பெரிது.

- வயது இடைவெளி: ஆடும் பிள்ளைகளை விட ரெஃப்ரி குறைந்தது இரண்டு வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். 14 வயது ரெஃப்ரிக்கு அண்டர்-10 மேட்ச் சரி. அவரோடு பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் மேட்ச் சரியே இல்லை.
- அனுபவம்: முதல் சில வாரங்கள் சின்னப் பிள்ளைகளின் ஆட்டம், பிறகு துணை நடுவராகக் கொடி பிடிப்பது, பிறகு மெல்ல மெல்ல நடுவில் இறங்குவது.
- சொந்த பந்தம்: தம்பி ஆடும் அணி, தான் ஆடும் கிளப், அப்பா கோச்சாக இருக்கும் அணி. இந்த மேட்ச்களில் போடக் கூடாது.
- பழைய பகை: போன முறை இந்த இரண்டு அணிகளும் மோதியபோது கைகலப்பா? இரண்டு சிவப்பு அட்டைகளா? அப்படியானால் திரும்ப மோதும்போது கை தேர்ந்தவர் வேண்டும்.
- தூரமும் களைப்பும்: வெயிலில் நான்கு மேட்ச் முடித்தவரை ஐந்தாவதாக அண்டர்-17 ஆட்டத்தின் நடுவில் இறக்கினால் அவரால் ஓட முடியாது. ஓடாத ரெஃப்ரி தூரத்திலிருந்து முடிவு சொல்வார். சண்டை அங்கிருந்து கிளம்பும்.
- நம்பகத்தன்மை: நேரத்துக்கு வருகிறாரா, ஏற்ற மேட்ச்சைக் கடைசி நேரத்தில் கைவிடுகிறாரா, அறிக்கை ஒழுங்காக எழுதுகிறாரா?

கடைசியில் சொன்னதுதான் பல இளம் ரெஃப்ரிகளுக்குத் தெரியாத ரகசியம். நல்ல மேட்ச் கிடைக்க விதி மனப்பாடம் மட்டும் போதாது. ஏற்ற வேலைக்குச் சொன்ன நேரத்தில் போய் நிற்பவர்களைத்தான் அசைனர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

லீக்கின் தரமும் இதில் முக்கியம். 2020-ல் தொடங்கிய எம்.எல்.எஸ். நெக்ஸ்ட், 2009-ல் பெண்களுக்காகத் தொடங்கி பின்னர் ஆண்களுக்கும் விரிந்த ஈ.சி.என்.எல். போன்றவை உயர்மட்டப் போட்டிகள். கல்லூரி அணிகளுக்கு ஆள் தேடுபவர்கள் வந்து பார்க்கும் மேட்ச்கள் அவை. அங்கே அசைனர்கள் தேர்ந்த ஆட்களைத்தான் போடப் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம் 1964-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய 'அய்சோ' அமைப்பில் பெற்றோர்களே பயிற்சி எடுத்து, சம்பளம் வாங்காமல் ரெஃப்ரியாக நிற்பது வழக்கம். பள்ளி அணிகளின் மேட்ச்கள் இந்த இரண்டிலும் சேராது. அவற்றுக்கு விதிப் புத்தகமே வேறு, அசைனரும் வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரிக் கணக்கு

அசைனரின் தலைவலி புரிய ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு நடுத்தர அளவுப் போட்டி. 6 மைதானங்கள். சனிக்கிழமை ஒவ்வொன்றிலும் 5 மேட்ச். மொத்தம் 30. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒருவர், கோட்டோரம் இருவர் என 3 பேர். ஆக, நிரப்ப வேண்டிய இடங்கள் 90. ஒருவர் சராசரியாக 3 மேட்ச் பார்ப்பார் என்றால் 30 பேர் வேண்டும்.

வியாழக்கிழமை எல்லாம் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி இரவு 9 மணிக்கு ஒருவருக்குக் காய்ச்சல். ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கு. ஒருவர் கார் கிளம்பவில்லை என்கிறார். ஒரு பையனுக்கு மறுநாள் தேர்வு இருப்பது அப்போதுதான் ஞாபகம் வருகிறது. நான்கு பேர் போனால் 12 இடங்கள் காலி.

இப்போது அசைனர் என்ன செய்வார்? முதலில் போன். "தம்பி, நாளைக்கு இன்னொரு மேட்ச் சேர்த்துப் பார்க்க முடியுமா?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார். அதுவும் பலிக்கவில்லை என்றால் துணை நடுவர் இல்லாமல் மேட்ச் நடக்கும். அப்போது ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒரு பெற்றோரை அழைத்துக் கொடியைக் கொடுப்பார்கள். அவர் பந்து கோட்டைத் தாண்டியதா என்று மட்டும் சொல்லலாம். ஆஃப்சைடு, ஃபவுல் எதுவும் சொல்லக் கூடாது. அதெல்லாம் நடுவில் நிற்பவர் ஒருவரின் தலையில்தான் விழும்.

இதை விட மோசமான வழி ஒன்று இருக்கிறது. தயாராகாத ஒரு சின்னப் பையனை மூத்தவர்களின் மேட்ச்சுக்கு ஏற்றிவிடுவது. ஆள் இல்லாத இடத்தில் இந்தத் தவறு நடந்துவிடுகிறது. சூடான ஒரு அண்டர்-15 மேட்ச்சில், இரண்டு கோச்களும் கத்த, 60 பெற்றோர் கூச்சல் போட, நடுவில் நிற்பவருக்கு வயது 16. அந்த மேட்ச் முடிந்ததும் அவர் பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டால் அசைனருக்கு அடுத்த வாரம் இன்னொரு ஆள் குறையும். அடுத்த வாரம் இன்னொரு தயாராகாத பையன் ஏறுவான். பற்றாக்குறை இப்படித்தான் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

ஏன் இவ்வளவு ஆள் பற்றாக்குறை?

பதில் சுருக்கமானது: திட்டு.

பள்ளி விளையாட்டுகளை மேற்பார்வையிடும் தேசிய கூட்டமைப்பு, 2018-19-க்குப் பிறகான சில ஆண்டுகளில் எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்து சுமார் 50,000 நடுவர்கள் விலகிவிட்டதாகச் சொன்னது. இதில் கொரோனா காலத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் விலகியவர்களிடம் காரணம் கேட்டால், பெற்றோர், கோச்களின் நடத்தை என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

திட்டோடு நிற்காத சம்பவங்களும் உண்டு. 2013 ஏப்ரலில் யூட்டா மாநிலத்தில் ஒரு சிறுவர் மேட்ச். 17 வயது கோல் கீப்பர் ஒருவருக்கு ரெஃப்ரி மஞ்சள் அட்டை காட்டினார். பையன் ரெஃப்ரியின் தலையில் ஓங்கிக் குத்தினான். 46 வயதான அந்த நடுவர் ஒரு வாரம் கோமாவில் கிடந்து உயிரிழந்தார். அட்டை காட்டும்போது அவர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அடி வருவதை அவர் பார்க்கக்கூட இல்லை.

இப்படிப்பட்ட மரணம் அபூர்வம். ஆனால் 'கண்ணு தெரியலையா?', 'வீட்டுக்குப் போடா' என்ற கூச்சல் ஒவ்வொரு வாரயிறுதியிலும் ஏதோ ஒரு மைதானத்தில் கேட்கிறது. கேட்பவர் பல நேரங்களில் ஒரு குழந்தை.

இதற்கு என்ன தீர்வு கொண்டு வந்தார்கள்?

நடுவர்களைத் தாக்குவோர், திட்டுவோர் மீதான விதிகளை யூ.எஸ். சாக்கர் இறுக்கிப் பிடித்தது. 2025 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த நடுவர் துன்புறுத்தல் தடுப்புக் கொள்கைப்படி, தகாத வார்த்தைக்கே குறைந்தது இரண்டு மேட்ச் தடை. குற்றத்தின் கடுமையைப் பொறுத்து வாழ்நாள் தடை வரை போகலாம். பாதிக்கப்பட்ட நடுவர் 18 வயதுக்குக் கீழ் இருந்தால் தண்டனை இன்னும் கூடும்.

மைதானத்திலும் படிப்படியான நடைமுறை இருக்கிறது. எல்லை மீறும் கோச்சிடம் முதலில் கேட்டுக்கொள்வார் ரெஃப்ரி. அடுத்து எச்சரிப்பார். மூன்றாவது முறை வெளியேற்றுவார். 2019 முதல் கோச்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்ட விதி இடம் தருகிறது. பார்வையாளர்களுக்கு அட்டை காட்ட முடியாது. ஆனால் ஆட்டத்தை நிறுத்தலாம், தற்காலிகமாகத் தள்ளி வைக்கலாம், நிலைமை மாறவில்லை என்றால் மேட்ச்சையே கைவிடலாம்.

சில மாநிலங்கள் 18 வயதுக்குட்பட்ட ரெஃப்ரிகளுக்குத் தனி நிறப் பட்டை கொடுக்கின்றன. 'நான் ஒரு குழந்தை, பார்த்துப் பேசுங்க' என்று அந்தப் பட்டை சொல்லாமல் சொல்கிறது. சில லீக்குகள் பெற்றோர் கைதட்ட மட்டும் அனுமதிக்கப்படும் 'மௌன வாரயிறுதி' நடத்துகின்றன.

இதற்கெல்லாம் மேல் பலன் தருவது இன்னொன்று. முதல் சில மேட்ச்களில் மூத்த ரெஃப்ரி ஒருவரை ஓரமாக நிற்க வைப்பது. கோச் கத்த ஆரம்பித்ததும் அவர் பக்கத்தில் போய் நின்றாலே போதும், பாதிச் சத்தம் அடங்கிவிடும். இடைவேளையில் "அந்த த்ரோ-இன் சரியாத்தான் கொடுத்தே. கையை இன்னும் தெளிவா காட்டு" என்று தோளைத் தட்டிச் சொன்னால் அந்தப் பையன் அடுத்த வாரமும் வருவான். இப்படி யாரை யாரோடு சேர்த்துப் போடுவது என்பதும் அசைனர் கையில்தான் இருக்கிறது.

ஓரத்தில் நின்று நாம் கத்தும் தப்பான விதிகள்

ரெஃப்ரி மீது வரும் கோபத்தில் கொஞ்சம், நமக்கு விதி தெரியாததால் வருவது. இவற்றைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கூச்சல் குறையும்.

- "ஆஃப்சைடு! ஆஃப்சைடு!": த்ரோ-இன், கோல் கிக், கார்னர் கிக் ஆகியவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது.
- "ஹேண்ட்பால்!": பந்து கையில் பட்டதெல்லாம் தப்பு ஆகாது. வேண்டுமென்றே தொட்டாரா, கையை விரித்து உடலை இயல்பற்று அகலமாக்கினாரா என்றுதான் பார்ப்பார்கள்.
- "அவன் பந்தைத்தானே தொட்டான்!": பந்தை முதலில் தொட்டாலும், முரட்டுத்தனமாக மோதி எதிராளியை ஆபத்தில் தள்ளினால் அது ஃபவுல்தான்.
- "ஃபவுல் நடந்துச்சு, ஏன் விசில் ஊதல?": பாதிக்கப்பட்ட அணிக்கே பந்தோடு நல்ல வாய்ப்பு இருந்தால் ஆட்டத்தை ஓட விடுவது 'அட்வான்டேஜ்'. ரெஃப்ரி பார்க்காமல் விட்டதாக நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. ஆட்டத்தில் நடந்தது பற்றி ரெஃப்ரி எடுக்கும் முடிவே இறுதி. சிறுவர் மேட்ச்களில் வீடியோ கிடையாது. ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு, தான் தவறு செய்துவிட்டோம் என்று ரெஃப்ரிக்கே தெரிந்தாலும் அந்த முடிவை மாற்ற முடியாது. அதற்குப் பிறகு கத்தி ஒரு பயனும் இல்லை.

காசு எவ்வளவு வரும்?

லீக்குக்கு லீக் மாறும். 7 பேர் ஆடும் சின்னப் பிள்ளைகளின் மேட்ச்சுக்குக் குறைவு, முழு நேர 11 பேர் மேட்ச்சுக்கு அதிகம். நடுவில் நிற்பவருக்கு அதிகம், கொடி பிடிப்பவருக்குக் குறைவு. பல இடங்களில் ஆரம்பநிலை மேட்ச்சுக்கு 30 முதல் 50 டாலர் வரை கிடைக்கிறது. பள்ளி மாணவருக்கு இது நல்ல காசு. ஒரு சனிக்கிழமையில் மூன்று மேட்ச் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. முதலில் கைக்காசு செலவாகும். பயிற்சிக் கட்டணம், சட்டை, ஷூ, விசில், கடிகாரம், கொடி எல்லாம் சொந்தச் செலவு. அடுத்தது வரி. ரெஃப்ரிகள் பெரும்பாலும் ஊழியர்களாக இல்லாமல் சுயதொழில் செய்பவர்களாகவே கணக்கில் வருவார்கள். செலவு போக ஆண்டுக்கு 400 டாலரோ அதற்கு மேலோ மிஞ்சினால், 15 வயதானாலும் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பெட்ரோல், உடைச் செலவு ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

நம்ம வீட்டுப் பிள்ளை ரெஃப்ரி ஆகணும்னா?

- உங்கள் மாநில நடுவர் அமைப்பின் இணையதளத்தில் கிராஸ்ரூட்ஸ் பயிற்சி எப்போது என்று பாருங்கள். சீசனுக்கு முந்தைய வாரங்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.
- பயிற்சி முடிந்ததும் உள்ளூர் கிளப்பின் அசைனரைத் தொடர்பு கொள்ளுங்கள். பேட்ஜ் வாங்கினால் மேட்ச் தானாக வராது. மெயிலைப் பிள்ளையே எழுதட்டும், நீங்கள் நகலில் இருந்தால் போதும்.
- "புதுசா வர்றவங்களுக்கு மூத்த ரெஃப்ரி துணை உண்டா?" என்று கேளுங்கள். உண்டு என்று சொல்லும் இடத்தில் தொடங்குவது நல்லது.
- தயாராக இல்லாத மேட்ச்சை மறுக்க உரிமை உண்டு என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். பணிவாக 'முடியாது' என்று சீக்கிரம் சொல்லும் ரெஃப்ரியை எந்த நல்ல அசைனரும் தப்பாக நினைக்க மாட்டார். ஏற்றுக்கொண்டு கடைசி நேரத்தில் கைவிடுவதுதான் பெயரைக் கெடுக்கும்.
- முதல் மேட்ச்சுக்கு நீங்களும் போங்கள். ஆனால் யாராவது திட்டினால் நீங்கள் சண்டைக்குப் போகாதீர்கள். என்ன நடந்தது என்று பிள்ளையே அறிக்கையில் எழுதட்டும். அசைனருக்கும் தெரியப்படுத்துங்கள். அறிக்கை இல்லையென்றால் நடவடிக்கையும் இல்லை.

இதில் எவ்வளவு தூரம் போகலாம்?

ஃபுளோரிடாவில் 14 வயதில் இப்படித்தான் விசிலைக் கையில் எடுத்தார் டோரி பென்சோ. 2020-ல் எம்.எல்.எஸ். மேட்ச் ஒன்றின் நடுவில் நின்றார். ஒரு பெண் நடுவர் அந்த லீக்கில் அப்படி நின்று 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2023 ஆகஸ்டில் சிட்னியில் ஸ்பெயினும் இங்கிலாந்தும் மோதிய மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியை நடத்தியவரும் அவர்தான்.

எல்லோரும் அங்கே போகப் போவதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வரை நான்கைந்து ஆண்டுகள் விசில் ஊதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் 22 பேர் முன்னால், தன்னை விட மூன்று மடங்கு வயதான கோச் ஒருவரிடம் "சார், கொஞ்சம் பின்னால நில்லுங்க" என்று சொல்லப் பழகிய பிள்ளைக்கு அந்தத் தைரியம் எங்கே போனாலும் கூட வரும்.

அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்குப் போனால், மஞ்சள் சட்டையில் நிற்கும் பையனையோ பெண்ணையோ ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அவரை அங்கே அனுப்ப யாரோ ஒருவர் வெள்ளி ராத்திரி முழுக்கப் போன் போட்டிருப்பார். மேட்ச் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், கிட்டே போய் "தேங்க்ஸ் ரெஃப்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த வாரமும் உங்கள் பிள்ளைக்கு மேட்ச் நடக்க வேண்டுமே!